சீனிக் குடிலும் ஆலைத் தெருவும்: பிரெஞ்சுக் கனடியரின் பாட்டும் விழாவும்

ஒரு மக்கட் கூட்டத்தின் விழாவை விளங்கிக்கொள்ள விரும்புவோர், அவ்விழாவிலே அவர்கள் எதனை உண்டனர், எதனைப் பாடினர் என்று கேட்பதோடு அமைதல் கூடாது. விழாவுக்கு முதல் நாளும் மறுநாளும் அவர்கள் என்ன வேலை செய்தனர், யாருக்காகச் செய்தனர் என்றும் கேட்டல் வேண்டும். இக்கேள்வியைக் கேளாது எழுதப்படும் பண்பாட்டு வரலாறு, சமையற் குறிப்பும் பாட்டுப் பட்டியலுமாகவே முடிந்துவிடும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது, ஐக்கிய அமெரிக்காவிலே குடியேறிய பிரெஞ்சுக் கனடியரின் வரலாறாகும்.

அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலே நியூ இங்கிலாந்து எனப் பொதுப்பெயர் பெற்ற ஆறு மாநிலங்கள் உள்ளன. அவற்றுள் வேர்மொண்ற், நியூ ஹாம்ப்ஷயர், மெயின் ஆகிய வடபகுதிகளிலே, மார்ச் மாதத்தில், பனி உருகி முடியாத வேளையில், மேப்பிள் மரச் சோலைகளின் நடுவே இருந்து வெண்ணிற ஆவி எழக் காணலாம். அது சீனிக் குடிலின் ஆவி. அங்கே மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குவர். அயலார் கூடுவர், பன்றியிறைச்சியும் அவரையும் முட்டையும் பரிமாறுவர், கொதிக்கும் பாகைப் பனியின்மேல் ஊற்றி, அது இறுகிக் குழைந்ததும் குச்சியிற் சுற்றித் தின்பர். பிடில் ஒலிக்கும். இவ்வாறு கூடுவோருட் பலர் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் தாங்கியோர். ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர்க்கு இன்று பிரெஞ்சு பேச வராது. பாட்டனும் பாட்டியும் பேசிய மொழி போயிற்று. அவர்கள் ஆடிய ஆட்டத்தின் மெட்டும் உண்ட இனிப்பும் எஞ்சியுள்ளன. எஞ்சியவை எவ்வாறு எஞ்சின, அவற்றோடு சேர்ந்து எஞ்சியிருக்க வேண்டிய எது விடுபட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலிலே தொழிலை நோக்குவோம். பனையிலே கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சும் வழக்கத்தை அறிந்த நமக்கு, மேப்பிள் மரத்திலிருந்து சீனி பெறும் முறை பெரும் புதுமையாகத் தோன்றாது. பனை பாளையிற் சுரப்பதை மேப்பிள் அடிமரத்திற் சுரக்கும், வேறுபாடு அதுவே. இரவிலே நீர் உறையும் குளிரும், பகலிலே பனி இளகும் வெதுவெதுப்பும் மாறி மாறி வரும் நான்கு முதல் ஆறு கிழமைகளிலேதான் அச்சாறு வடியும். மரத்திலே துளையிட்டுக் குழாய் செருகி, அதன்கீழ் வாளியைத் தொங்கவிடுவர். வடியும் நீரிலே சீனிச் சத்து நூற்றுக்கு இரண்டு பங்களவே. ஆகவே ஒரு லீற்றர் பாகு பெறுவதற்கு ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சி வற்றச் செய்தல் வேண்டும். ஆழ்ந்த பனியிலே நடந்து வாளி வாளியாகச் சேர்த்து, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கொணர்ந்து, விறகு பிளந்து, இராப்பகலாக அடுப்பெரித்துப் பெறும் இனிப்பு அது. மரம் அரும்பு கட்டத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுப் பருவமும் முடிந்துவிடும்.

இத்தொழிலைப் பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிக்கவில்லை. அபெனாக்கி, அல்கொங்கின், மிக்மாக், அனிஷினாபே முதலிய ஆதிக்குடி மக்களே மேப்பிளின் இனிமையை முதலில் அறிந்தவர்கள். அவர்களிடமிருந்துதான் வந்தேறிகள் கற்றுக்கொண்டனர். கற்றுக்கொடுத்தோரின் காடுகள் காலப்போக்கிற் கற்றுக்கொண்டோரின் உடைமையாயின. பிரெஞ்சுக் கனடியர் பிற்காலத்திலே பட்ட துயரைப் பேசுமிடத்து, அவர்கள் பெருமையோடு தமதெனக் கூறும் இனிப்பின் அடியிலே, அவர்களுக்கு முன்னரே நிலமிழந்த வேறொரு மக்களின் அறிவு இருக்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

மேப்பிள் சீனி அரசியலும் பேசியதுண்டு. 1791ஆம் ஆண்டிலே பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ், தோமஸ் ஜெபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதமொன்றிலே, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் இரத்தத்தில் விளைந்த கரும்புச் சீனிக்கு மாற்றாக மேப்பிள் சீனியை வளர்த்தல் வேண்டும் என்று வாதித்தார். ஜெபர்சனும் தமது தோட்டத்திலே மேப்பிள் கன்றுகளை நடுவித்தார். அத்தோட்டத்திலே உழைத்தோரோ அவருடைய அடிமைகள்! மேப்பிள் கரும்பை வெல்லவில்லை. 1834ஆம் ஆண்டிலே பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றனர். மொரிசியசுக்கும் நேற்றாலுக்கும் அவ்வாறு கொண்டு செல்லப்பட்டோருள் தமிழர் பல்லாயிரவர். மேப்பிள் சீனியின் தூய்மையைப் பாராட்டிய அதே நியூ இங்கிலாந்தின் நெசவாலைகளோ, 1860கள் வரையும் அமெரிக்கத் தென்பகுதி அடிமைகள் பறித்த பருத்தியையே நூற்றன. பிரெஞ்சுக் கனடியர் வந்து சேர்ந்தது இவ்வாலைகளுக்கே.

அவர்கள் ஏன் வந்தனர்? 1759இல் கியூபெக் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1763இல் பாரிஸ் உடன்படிக்கையால் பிரெஞ்சுக் கனடா முழுவதும் பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. சென் லோரன்ஸ் ஆற்றின் இரு கரையிலும் நீண்டொடுங்கிய கீற்றுகளாகப் பகுக்கப்பட்டிருந்த நிலங்களிலே, நிலப்பிரபுவுக்கு வாரமும் திருச்சபைக்குத் தானியத்தில் இருபத்தாறிலொரு பங்கும் செலுத்தி உழவர் வாழ்ந்தனர். குடும்பங்கள் பெருகின, நிலம் பெருகவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை கீற்றுகள் ஒடுங்கின, மண்ணும் வளமிழந்தது. 1837-38ஆம் ஆண்டுகளிலே எழுந்த கிளர்ச்சியை ஆங்கிலேயப் படைகள் அடக்கின; சிலர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர், வேறு பலர் எல்லை கடந்து ஓடினர். 1842இல், மாணவராயிருந்த அந்துவான் ஜெரன்-லஜுவா, ஏலவே வழங்கிய நாட்டுப்புற மெட்டொன்றிலே நாடிழந்த கனடியனைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். கிளர்ச்சிக்காரருக்காகப் பிறந்த அப்பாட்டைப் பின்னர் தம் பாட்டாகப் பாடியோர், பசியால் எல்லை கடந்த உழவர்களே. நிலப்பிரபு முறை 1854இற் சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னும் வாடகைச் சுமை உடனே தீரவில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆண்டே மொன்றியலுக்கும் மெயின் மாநிலத்துப் போட்லண்ட் துறைமுகத்துக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியிருந்தது. 1840க்கும் 1930க்கும் இடையே கியூபெக்கை விட்டு அமெரிக்கா சென்றோர் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேர் என வரலாற்றாசிரியர் கணிப்பர்.

லோவெல், மன்செஸ்ரர், லூயிஸ்ரன், வூன்சொக்கற் முதலிய நெசவாலை நகர்களிலே, ஆலைச் சுவரை ஒட்டினாற்போல அவர்களது குடியிருப்புகள் எழுந்தன. மூன்று நான்கு மாடி மரக்கட்டடங்களிலே குடும்பத்தின்மேற் குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்த அப்பகுதிகளைச் ‘சின்னக் கனடா’ என்றனர். தந்தையின் ஊதியம் மட்டும் வாடகைக்கும் பாணுக்கும் போதாதாகையால் தாயும் மக்களும் ஆலைக்குச் சென்றனர். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை நாள் பத்து மணிக்கு மேற்படலாகாது என்று மசச்சூசெற்ஸ் மாநிலம் 1874இலே சட்டம் செய்தது. பத்து மணி நேரத்தைச் சலுகையென எண்ண வேண்டியிருந்த காலம் அது! 1909இலே லூயிஸ் ஹைன் என்னும் புகைப்படக் கலைஞர் மன்செஸ்ரரிலும் வேர்மொண்ற் ஆலை நகர்களிலும் எடுத்த படங்களிலே, தறிகளுக்கு நடுவே நிற்கும் சிறுவர் சிறுமியரை இன்றும் காணலாம். அவர்களுட் பலர் பிரெஞ்சுக் கனடியரின் மக்கள்.

இம்மக்களை ஆளும் வர்க்கம் எவ்வாறு நோக்கியது? 1881இலே மசச்சூசெற்ஸ் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் தலைவரான கரல் ரைற் தமது அறிக்கையிலே, பிரெஞ்சுக் கனடியரைக் கிழக்கு மாநிலங்களின் சீனர் என்னும் பொருள்படக் குறிப்பிட்டார்: வருவர், எத்துணைக் குறைந்த கூலிக்கும் உழைப்பர், பணத்தோடு திரும்பிச் செல்வர், இந்நாட்டிலே வேரூன்றார் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே, 1882இல், சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டம் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறியது. பிரெஞ்சுக் கனடியத் தலைவர்கள் வெகுண்டெழுந்து மறுப்புரைத்தனர். தம்மைச் சீனரோடு ஒப்பிட்டதே அவர்களுக்குப் பெருங் குறையாகப் பட்டது. சீனத் தொழிலாளிக்கும் அதே அநீதி இழைக்கப்படுகின்றது என்று சொல்லும் குரல் அவர்களிடையே மேலோங்கவில்லை. ஒடுக்கப்பட்டோரை ஒருவருக்கொருவர் அயலாராக்கும் ஆட்சித் தந்திரம் அங்கும் பலித்தது.

பகலெல்லாம் தறியின் இரைச்சலிலே ஒருவர் சொல்வது ஒருவர்க்குக் கேளாது. அவ்வாறு உழைத்தோர், சனி இரவுகளிலும் புதுவருட நாட்களிலும் ஓர் அடுக்களையிலே கூடினர். கதிரை மேசைகளை ஓரத்துக்குத் தள்ளுவர். பிடில்காரர் ஒரு கதிரையில் அமர்வார். அமர்ந்தபடியே இரு கால்களாலும் தரையிலே தாளம் தட்டுவார். முழவும் மத்தளமும் வாங்க வசதியற்ற வீட்டிலே கால்களே முழவாயின. மேசைக் கரண்டிகள் இரண்டும் தாளக் கருவியாயின. அக்கோடியன், வாயாற் ஊதும் ஆர்மோனிக்கா ஆகிய மலிவான கருவிகள் உடன் சேர்ந்தன. ஒருவர் ஓர் அடியைப் பாட, கூட்டத்தார் அதனை வாங்கித் திருப்பிப் பாடும் விடைப்பாட்டு இவர்களது பாடல் மரபின் உயிராகும். இவ்வமைப்பிலே பாடுபவர், கேட்பவர் என்ற பிரிவினை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடிகளைத் திருப்பிப் பாடியே நீண்ட பாட்டுகளை மனனம் செய்துவிடுவர். சொற்களற்ற அசைகளை நாவினாற் சுழற்றி மெட்டை இசைக்கும் வாயிசையும் உண்டு. கருவி இல்லாத இடத்தே கண்டமே கருவியாகும்.

இவ்விசை கலப்பற்ற பிரெஞ்சு இசையென எண்ணுதல் தவறு. பாட்டுகளுட் பல பிரான்சிலிருந்து வந்தவையே. ஆனால் ஆட்ட மெட்டுகளுட் பெரும்பகுதி ஸ்கொத்லாந்து, அயர்லாந்து மக்களிடமிருந்து பெற்றவை. கியூபெக்கின் மரம் வெட்டும் முகாம்களிலும் துறைமுகங்களிலும் ஆலைகளிலும் ஐரிஷ் தொழிலாளியும் பிரெஞ்சுத் தொழிலாளியும் அருகருகே உழைத்தனர். வேலைக்காகவும் கூலிக்காகவும் சிலவேளை அவர்கள் ஒருவரோடொருவர் கைகலந்ததுமுண்டு. அப்படியிருந்தும் மெட்டுகள் கைமாறின. பண்பாட்டுத் தூய்மை என்பது மேடைப் பேச்சாளரின் கற்பனையே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

சீனிக் காலம் பெரும்பாலும் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு ஒத்து வருவது. நோன்பும் ஒறுத்தலும் விதிக்கப்பட்ட நாட்கள் அவை. பிடிலையும் சோடி ஆட்டத்தையும் பங்குக் குருமார் பொதுவாக ஐயுறவோடு நோக்கினர். ஆயின் உழவனின் நாட்காட்டி வேறு. மாரிக்காலத்துக்குச் சேமித்த உணவு குறைந்து, வயல் இன்னும் பனிக்குள் கிடக்கும் வேளையிலே, காட்டு மரம் தரும் இனிப்பு அவனுக்குப் பணமுமாயிற்று, உணவுமாயிற்று. கடையிலே சீனி வாங்க இயலாத குடும்பத்துக்கு மேப்பிள் கட்டியே ஆண்டு முழுவதற்குமான சீனி. அயலார் கூடி வேலை செய்து, வேலை முடிவிலே கூடி உண்டனர். அதுவே விழாவின் பிறப்பு.

ஆலை நகரத்துக்கு மேப்பிள் சோலை வரவில்லை. அங்கே அது நினைவாயிற்று. இந்நினைவு முற்றும் அறுந்துபோகாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, கியூபெக் கடலுக்கு அப்பாற்பட்ட நாடன்று; புகையிரதத்தில் ஒரு நாட் பயணம். வேலை குறைந்த காலத்திலே பலர் ஊருக்குத் திரும்பினர்; மீண்டும் வந்தனர். மற்றொன்று, வடவேர்மொண்ற் பகுதியிலே பல குடும்பங்கள் கமக்கூலிகளாகவும் பின்னர் கமக்காரராகவும் அமைந்து, எல்லைக்கு இப்பாலும் மேப்பிள் காய்ச்சின. அங்கே ஆங்கில வழிவந்த உழவரும் அத்தொழிலையே செய்தனர். பனியிலூற்றிய பாகோடு புளிப்பு ஊறுகாயும் எண்ணெயிற் பொரித்த மாப்பண்டமும் வைத்து உண்பது வேர்மொண்ற் வழக்கம். மொழியாலும் மதத்தாலும் பிரிந்திருந்தோரை ஒரே பருவமும் ஒரே மரமும் ஒரே வேலையில் இணைத்தன.

இம்மக்களின் குரல் இசைத்தட்டிலே பதிந்ததற்குச் சிறந்த சான்று மேரி ட்ராவேர்ஸ் என்னும் லா போல்டியூக் ஆவார். 1894இலே கஸ்பே தீவக்குறையின் நியூபோட் என்னும் ஊரிலே, ஐரிஷ் வழிவந்த தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த அவர், பதின்மூன்றாவது வயதிலே மொன்றியலுக்கு வேலைக்காரியாகச் சென்றார். பின்னர் நெசவாலையிலும் உழைத்தார். 1921இலே வேலை தேடிக் கணவருடன் மசச்சூசெற்ஸின் ஸ்பிறிங்பீல்டுக்குச் சென்று, அங்கும் வாழ வழியின்றித் திரும்பினார். 1929-30ஆம் ஆண்டுகளிலே, உலகப் பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கத்திலே, அவருடைய தட்டுகள் வெளிவந்தன. வேலையின்மை, வாடகை, நிவாரணம், வீட்டுக்காரன் ஆகியனவே அவருடைய பாடுபொருள்கள். படித்தோர் அவரது நடையைக் கொச்சை என இகழ்ந்தனர். ஆலை நகர மக்களோ தட்டுகளைத் தேடி வாங்கினர். நியூ இங்கிலாந்து நகரங்களிலே அவர் சுற்றிப் பாடியபோது அரங்குகள் நிறைந்தன. 1941இலே 46 வயதிற் காலமான அவரை, அவர் வாழ்ந்த காலத்து இலக்கிய வரலாறுகள் பொருட்படுத்தவில்லை. மக்கள் தம் பேச்சிலே தம் துன்பத்தைக் கேட்டுச் சிரித்ததை இலக்கியமென ஏற்கப் பண்டிதர் எங்கும் காலம் தாழ்த்துவர்.

இனி, இம்மக்களின் மொழியையும் மரபையும் காத்தோர் யாவர் என்னும் கேள்விக்கு வருவோம். வழமையாகக் கிடைக்கும் விடை, குருமாரும் வழக்கறிஞரும் மருத்துவரும் பத்திரிகையாளரும் என்பதே. அவர்கள் நிறுவிய பங்குப் பாடசாலைகளும் சங்கங்களும் பிரெஞ்சு ஏடுகளும் மொழிக்குச் செய்த தொண்டு பெரிது; அதனை மறுத்தல் நேர்மையன்று. 1908இலே மன்செஸ்ரரில் ஒரு பிரெஞ்சுப் பங்கிலே தொடங்கிய சென் மேரி சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், அமெரிக்காவிலேயே அவ்வகையில் முதலாவதாகும். ஆலைத் தொழிலாளியின் சில்லறைக் காசே அதன் மூலதனம். எனினும் அத்தலைவர்கள் மக்களுக்குப் போதித்த அறம் யாது? மொழி மதத்தைக் காக்கும், மதம் மொழியைக் காக்கும், இரண்டையும் காப்போர் பொறுமையைக் காக்க வேண்டும் என்பது. தொழிற்சங்கம் பெரும்பாலும் அவர்களுக்கு அயலாரின் தீவினையாகவே தோன்றிற்று.

வூன்சொக்கற் நகரின் கதை இம்முரண்பாட்டைத் தெளிவுறக் காட்டும். 1924 முதல் 1929 வரை அங்கே ஒரு பெரும் பிணக்கு நிகழ்ந்தது. பிரெஞ்சுப் பங்குகளின் பணத்தை மறைமாவட்டத்தின் பொதுத் தேவைகளுக்கும் ஆங்கிலச் சார்புடைய உயர் பாடசாலைக்கும் எடுக்கலாகாது என எல்பேஜ் டெஞோ என்னும் வழக்கறிஞர் தலைமையிலே ஒரு குழுவினர் மேற்றிராணியாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1928இலே அவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டனர், பின்னர் பணிந்தனர். அதே நகரிலே, வட பிரான்சிலிருந்து வந்த முதலாளிகள் கம்பளி ஆலைகளை நடத்தினர். முதலாளியும் பிரெஞ்சு பேசினான். தொழிலாளியும் பிரெஞ்சு பேசினான். மொழி ஒன்றானமையாற் கூலி உயரவில்லை. அவ்வாலைகளுக்கு வந்த பெல்ஜிய, பிரெஞ்சுச் சமவுடைமைத் தொழிலாளர், ஜோசப் ஸ்மெற்ஸ் முதலானோர், 1931இலே சுயேச்சை நெசவுத் தொழிற்சங்கத்தை நிறுவினர். பணிவே பண்பெனக் கற்பிக்கப்பட்டிருந்த பிரெஞ்சுக் கனடியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அதிற் சேர்ந்தனர். 1934 செப்ரெம்பரில் நடந்த நாடளாவிய நெசவு வேலைநிறுத்தத்தின்போது வூன்சொக்கற் தெருக்களிலே படையினரின் துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்ப்பலியும் நேர்ந்தது. சங்கமோ அழியவில்லை; நகரின் பெருஞ்சக்தியாய் வளர்ந்தது. தாய்மொழியிலே பேசி, தம் உரிமையைத் தாமே கேட்கக் கற்ற மக்களின் பண்பாட்டு எழுச்சியாகவும் இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

எங்கும் வெற்றியே கிடைத்ததெனல் உண்மையாகாது. உலகின் மிகப் பெரிய பருத்தியாலையெனப் பெயர் பெற்ற மன்செஸ்ரரின் அமொஸ்கெக் நிறுவனம், 1922இலே கூலியை நூற்றுக்கு 20 வீதம் குறைத்து, கிழமைக்கு 48 மணியாயிருந்த வேலை நேரத்தை 54 ஆக்க முற்பட்டது. தொழிலாளர் ஒன்பது மாதங்கள் வேலைநிறுத்தம் செய்து, நேர அதிகரிப்பைத் தடுக்க இயலாது திரும்பினர். 1935இல் ஆலையே மூடப்பட்டது. முதல், கூலி குறைந்த தென்மாநிலங்களை நாடிச் சென்றது. குடும்பம் குடும்பமாகத் தலைமுறைகளைக் கொடுத்த மக்கள் வெறுந் தெருவில் நின்றனர்.

மொழி அழிந்த வரலாற்றை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். மெயின் மாநிலம் 1919இலே ஆங்கிலத்தையே போதனா மொழியாக்கிச் சட்டம் செய்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது நின்றது. பாடசாலையிலே பிரெஞ்சு பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டோர் அம்மாநிலத்திலே பலர். 1920களிலே மெயினில் வலுப்பெற்ற கூ குளக்ஸ் கிளான் இயக்கம் தன் வெறுப்பைப் பெரிதும் இப்பிரெஞ்சுக் கத்தோலிக்கர்மீதே காட்டியது. பிற்காலத்திலே பிரெஞ்சு ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டபோதும், ஆசிரியர் போதித்தது பாரிஸ் நகரப் பிரெஞ்சு. வீட்டிலே பாட்டி பேசியது பிழையான பிரெஞ்சு என்று பிள்ளைக்கு உணர்த்தப்பட்டது. ஒரு பிள்ளையைத் தன் தாயின் பேச்சுக்காக நாணச் செய்தல் எவ்வளவு கொடிய செயல் என்பதை ஆசிரியராகிய நாம் ஆழ்ந்து எண்ணுதல் தகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இளையோர் ஆலை நகரை விட்டு அகன்றனர்; பெற்றோர் பலர், பிள்ளைகள் இழிவுறாதிருக்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே பேசினர். லோவெலின் ‘சின்னக் கனடா’ 1964இலே நகரப் புனரமைப்பு என்னும் பெயரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

அடுக்களை இசையோ அழியவில்லை. பெண்கள் பாடல்களைக் கையெழுத்துக் கொப்பிகளிலே எழுதி வைத்திருந்தனர். தாயிடமிருந்து மகளுக்கு அவை சென்றன. அச்சேறாத, புலவர் பெயர் பொறிக்கப்படாத அக்கொப்பிகளே இம்மக்களின் நூலகம். லோவெலிற் பிறந்து வேர்மொண்றின் பேர்லிங்ரனிலே வாழ்ந்த பிடில் கலைஞர் லூயி போடுவான், 1970களிலே தம் குடும்பத்தாருடன் இசைத்தட்டுகள் வெளியிட்டுப் பெரு மேடைகளிலும் வாசித்தார். அவர் வளர்ந்தது இசைக் கல்லூரியிலன்று, வீட்டுக் கூட்டங்களிலே. 1999இலே ஸ்மித்சோனியன் நிறுவனம் நியூ இங்கிலாந்து எல்லைப்புறத்துப் பிரெஞ்சு வழியினரின் இசையைத் தனித் தொகுப்பாக வெளியிட்டது. நாணி மறைத்த இசை நாட்டின் செல்வமென ஏற்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயின் விழாவும் மாறிவிட்டது. வேர்மொண்றின் சென் ஓல்பன்சிலே ஒவ்வோர் ஏப்பிரலிலும் மேப்பிள் விழா நிகழ்கின்றது. மெயினிலே மார்ச்சின் நான்காம் ஞாயிறு மேப்பிள் ஞாயிறாகக் கொண்டாடப்படுகின்றது. வாளிக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் குழாய்கள் மரத்துக்கு மரம் ஓடுகின்றன. இயந்திரங்கள் சாற்றை உறிஞ்சி நீரைப் பிரிக்கின்றன. உலக மேப்பிள் பாகில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு கியூபெக்கிலே உற்பத்தியாகின்றது. விலையை நிலைப்படுத்த அங்கே உற்பத்தியாளர் அமைப்பு பெருங் களஞ்சியங்களிலே பாகைச் சேமித்து வைக்கின்றது. 2011-12ஆம் ஆண்டுகளிலே அவ்வாறு சேமித்ததிலிருந்து ஏறத்தாழ 3,000 தொன் பாகு களவு போனது உலகச் செய்தியாயிற்று. ஏழை உழவனின் அடுப்பங்கரைப் பண்டம் இன்று காவல் வைக்கத்தக்க செல்வம். புவி வெப்பமாதலாற் சாறு வடியும் பருவமே முன்தள்ளிச் செல்கின்றது.

இயந்திரம் வந்ததைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பனியிலே வாளி சுமந்தவன் மீண்டும் சுமக்க வேண்டும் என எவரும் விரும்பார். நாம் கூற விழைவது வேறு. விழா மேடையிலே பிடில் ஒலிக்கின்றது, பாகு பரிமாறப்படுகின்றது, சிவப்புக் கட்டம் போட்ட சட்டையணிந்த உழவனின் படம் விளம்பரப் பலகையில் தொங்குகின்றது. ஆனால் அவ்வுழவனின் பேர்த்தி ஆலையிலே இழந்த விரலைப் பற்றியோ, ஒன்பது மாத வேலைநிறுத்தத்தைப் பற்றியோ, பாடசாலையில் அவள் மகன் வாங்கிய அடியைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. ஒரு மக்களின் உழைப்பை நீக்கிவிட்டு இனிப்பை மட்டும் வைத்தால், எவரும் அதனை விலைக்கு வாங்கலாம். எவரும் அதனை விற்கலாம். வூன்சொக்கற்றில் 1997இலே திறக்கப்பட்ட உழைப்பும் பண்பாடும் பற்றிய அரும்பொருட்சாலை, இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் காட்ட முற்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. அங்கே பங்குக் கோயிலும் உண்டு, ஆலைத் தளமும் உண்டு, தொழிற்சங்க மண்டபமும் உண்டு.

1983க்குப் பின்னர் இந்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த தமிழரிற் பலர் மொன்றியலிலே குடியேறியுள்ளனர். கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின்படி அவர்களின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சு மொழியிலேயே கற்கின்றனர். ஒரு காலத்திலே நிலமின்றி வெளியேறிய மக்களின் நாடு, இன்று வேறு மக்களின் புகலிடம். அப்பிள்ளைகள் சீனிக் குடிலுக்குச் சென்று பனியிலூற்றிய பாகை உண்ணும்போது, அது எவருடைய காட்டிலே பிறந்த அறிவு, எவருடைய அடுக்களையிலே காக்கப்பட்ட பாட்டு, எந்த ஆலைகளின் நிழலிலே பாடப்பட்டது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும். தம் சொந்தப் பாட்டன் பாட்டியரைப் பற்றியும் அவ்வாறே கேட்க அவர்கள் அப்போது கற்றுக்கொள்வர்: அவர்கள் எந்த நிலத்தில் உழைத்தனர், ஏன் அதனை விட்டுச் சென்றனர், போகும் வழியில் என்ன பாடினர் என்று.